விற்பவர் யார், வாங்குபவர் யார்?

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் அறுவடை முடிந்ததும் கோதுமை லாரிகள் ரயில் பாதையோரத்து எலிவேட்டர்களை நோக்கிப் புறப்படும். எலிவேட்டர் என்றால் அங்கே உயர்ந்து நிற்கும் தானியக் கிடங்கு. அங்கே எடை போடுவார்கள். ஈரப்பதமும் புரதமும் பார்ப்பார்கள். தூசுக்கும் களைவிதைக்கும் எடையில் கழிப்பார்கள். 2012 ஆகஸ்ட் வரை, லாரி திரும்பும்போது விவசாயியின் கையில் இருந்தது முதல் தவணைப் பணம்தான்.

மீதியைக் கனடா கோதுமை வாரியம் பின்னர் தந்துவந்தது. ஆண்டு முழுவதும் விற்ற பணத்தை ஒன்றாகச் சேர்த்து, செலவு போக, தரவாரியாகப் பங்கிட்டுக் கொடுத்தது. முன்னால் கொண்டுவந்தவர், பின்னால் கொண்டுவந்தவர் என்ற வேறுபாடு இருக்கவில்லை. 1935இல் தொடங்கிய வாரியம் 1943இல் மேற்குக் கனடாவின் கோதுமைக்கு ஒரே விற்பனையாளராகி, 1998 முதல் பெருமளவு விவசாயிகளின் கைக்கே வந்தது: 15 இயக்குநர்களில் 10 பேரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

இதை வெறுத்தவர்களும் உண்டு. அமெரிக்க எல்லைக்கு அப்பால் நல்ல விலை தெரிந்தும் வாரியத்தைத் தாண்டித் தாங்களே கொண்டுபோய் விற்க முடியவில்லை. அப்படி விற்று, அபராதம் கட்ட மறுத்த ஆல்பர்ட்டா விவசாயிகள் 13 பேர் 2002இல் சிறைக்குப் போனார்கள். தன் வயலில் விளைந்ததை விற்றதற்குச் சிறையா என்ற அவர்களின் கோபம் நியாயமானது.

ஆனால் பெரும்பான்மையோர் நினைத்தது வேறு. 2011இல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில் கோதுமை விவசாயிகளில் 62 சதவீதம் பேர் பழைய முறையே தொடரட்டும் என்றார்கள். பிரதமர் ஹார்ப்பரின் அரசு கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் நீக்கப்பட்டார்கள். 2012 ஆகஸ்ட் 1 முதல் சந்தை திறந்துவிடப்பட்டது.

அடுத்த ஆண்டே வரலாறு காணாத விளைச்சல். கடுங்குளிரில் ரயில் பெட்டிகள் கிடைக்காமல் கிடங்குகள் நிரம்பின. துறைமுக விலைக்கும் வயலோர விலைக்கும் இடையிலான இடைவெளி பெருத்தது. 2014 மார்ச்சில் அரசே தலையிட்டு, இரு ரயில் நிறுவனங்களும் தலா வாரத்துக்கு 5 லட்சம் டன் தானியம் ஏற்றவேண்டும் என்று உத்தரவிட்டது. வாரியத்தின் பழைய முறை இருந்திருந்தாலும் நெரிசல் வந்திருக்கும். ஆனால் அந்த இடைவெளிப் பணத்தில் பெரும்பகுதி விவசாயிகளின் பொதுக் கணக்குக்குத் திரும்பியிருக்கும். தானியக் கம்பெனிகளுக்குப் போயிருக்காது.

தனியுரிமையை இழந்தும் நீடித்த வாரியத்தின் 50.1 சதவீதம் 2015இல், பங்கி (Bunge) என்ற தானிய நிறுவனமும் சவுதி நிறுவனம் ஒன்றும் சேர்ந்த ஜி3 கூட்டணிக்குப் போனது. அவர்கள் போட்ட 25 கோடி டாலரும் கம்பெனிக்குள்ளேயே முதலீடானது.

கிடங்குகளின் கதையும் இதுதான். 1920களில் விவசாயிகள் கூட்டுறவாகக் கட்டிய சஸ்காட்சுவான் வீட் பூல் 1996இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2007இல் விட்டெரா ஆனது. பிறகு அதைக் கிளென்கோர் நிறுவனம் வாங்கியது. 2025 ஜூலையில் விட்டெராவும் அதே பங்கியோடு இணைந்துவிட்டது. மேற்குக் கனடாவில் ஆறு எலிவேட்டர்களை விற்கவேண்டும், ஜி3இல் தனக்குள்ள பங்குகளின் வழியே அந்தக் கம்பெனியின் முடிவுகளில் பங்கி நிறுவனம் தலையிடக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் கனடா அரசு சம்மதித்தது. அவை காகிதத்தோடு நிற்கின்றனவா என்று கண்காணிக்கும் பொறுப்பு இனி ஒட்டாவாவில் இருக்கும் அரசுக்கு.