செராஃபின் லூயி (1864–1942): மலர் ஓவியங்கள்

சான்லிஸ், பிரான்ஸ்

ஆர்சி கிராமத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, கன்னியர் மடத்திலும் பின்னர் சான்லிஸ் நகரத்து வீடுகளிலும் பகலெல்லாம் ஊழியம் செய்த செராஃபின், ஓவியப் பயிற்சி ஏதுமின்றி, காவற்சம்மனசின் ஆக்ஞையாலேயே தூரிகை எடுத்ததாகக் கூறி, இரவில் விளக்கொளியில், தேவமாதாவின்பால் கொண்ட பக்தியோடு, தாம் கண்ட இலை, மலர், கனிகளை வரைந்தார். இலைகள் இறகுகளாகவும் கண்களாகவும் உருமாறி அடர்ந்திருப்பதை அருகில் நின்று காண்க. தேவாலயத்து வர்ணக் கண்ணாடிச் சாளரத்தின் பிரகாசம் இவற்றில் உண்டு. ரிப்போலின் பெயின்டில் கலந்தவற்றை அவர் இரகசியமாகவே வைத்துக்கொண்டார். 1912-இல் அந்நகரில் தங்கிய ஜெர்மானியக் கலை விமர்சகர் வில்ஹெல்ம் ஊடே, தம் பணிப்பெண்ணே இவற்றின் கர்த்தா என்றறிந்து வியந்து, பிற்காலத்தில் பேராதரவும் அளித்தார். 1932-இல் சித்தம் கலங்கி மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செராஃபின், அதன்பின் ஓவியம் தீட்டவில்லை.