ஏழைக் குடும்பங்களும் மருத்துவக் காப்பீடும்

ஏழாயிரம்பண்ணைச் சுற்றுப்புறம் கரிசல் மண்ணும் மானாவாரிச் சாகுபடியும் உடையது. மழை பொய்த்த வருஷங்களில் வயல் வேலை குன்றுதலால், கூலியாட்கள் பட்டாசுத் தொழிற்சாலைகளையும் தீப்பெட்டி ஆபீசுகளையும் நாடுகின்றனர். அத்தொழிலின் அபாயம் யாவரும் அறிந்ததே. 2021ஆம் வருஷம் பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். தீக்காயமோ, இருதய நோயோ, சிறுநீரக வியாதியோ நேருமாயின், கூலிக் குடும்பம் ஆட்டை விற்று, நகையை அடகு வைத்துக் கடனில் ஆழ்கின்றது.

இத்துன்பத்தைத் தணிக்கவே 2009ஆம் வருஷம் ஜூலையில் தமிழ்நாட்டில் உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இணைப்புக்குப் பின் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டாயிற்று. பிரீமியத்தைச் சர்க்காரே செலுத்துகின்றது. குடும்பத்தார் கொடுக்க வேண்டுவது யாதுமில்லை. முன்னர் 72,000 ரூபாயாக இருந்த வருஷ வருமான வரம்பு, 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஆகவே, முன்பு தகுதியில்லையென்று விடப்பட்டோரும் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

பயிர் கருகிய பின்னர்ப் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வாரில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் அவ்வாறே நோய் வருமுன் பெற்று வைத்தல் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவரைக் கிடத்திவிட்டு மற்றொருவர் சான்றிதழுக்கு அலைவது பெருந்துயரம். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் விருதுநகர் கலெக்டர் ஆபீசிலுள்ள பதிவு மையத்திற்குச் செல்லல் வேண்டும். குடும்ப அட்டையில் பெயரில்லாதாருக்குப் பயன் கிட்டாது. ஆதலின் புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர்களைத் தாமதமின்றிச் சேர்த்தல் அவசியம்.

இத்திட்டத்தின் எல்லையையும் அறிதல் நலம். பட்டியலில் கண்ட சிகிச்சைகளுக்கு, அங்கீகாரம் பெற்ற சர்க்கார், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டுமே இது செல்லும். சாதாரணக் காய்ச்சலுக்கு வெளியில் மருந்து வாங்கும் செலவும், படுக்கையில் கிடக்கும் நாட்களின் கூலியும் இதில் அடங்கா. தொழிற்சாலைத் தொழிலாளருக்கு 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டம் இழந்த கூலியில் ஒரு பகுதியையும் தருகின்றது; முதலாளி பதிவு செய்திருத்தல் வேண்டும். வயற் கூலியாளுக்கு அந்த ஆதரவும் இல்லை. எனவே இவ்வட்டை அவருக்கு இன்னும் இன்றியமையாதது.

பதிவுக்குச் செல்பவர் ஒரு நாட் கூலியை இழக்கின்றார். பலர் பின்வாங்குவதற்கு இதுவே காரணம். களையெடுப்பு முடிந்து அறுவடை தொடங்குமுன் உள்ள நாட்களில் நிலச்சொந்தக்காரர் தம் ஆட்களைக் கூலியுடன் அனுப்புவாராயின், அச்சிறு செலவு பெரும் பயன் தரும். கிராம உத்தியோகஸ்தர்கள் உண்மை வருமானத்தை விசாரித்து, உள்ளது உள்ளபடி, தாமதமின்றிச் சான்றளித்தல் வேண்டும். அவர்கள் கையொப்பத்திற்கு ஒரு வாரம் காத்திருக்கலாம்; நோய் காத்திராது.