சியாமா சாஸ்திரி

சியாமா சாஸ்திரி (ஏப்ரல் 26, 1762 – பெப்ரவரி 6, 1827) கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் வயதில் மூத்தவர். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர் ஆகிய இருவரையும் போல இவரும் திருவாரூரில் பிறந்தவர். இவருடைய பாடல்களில் பெரும்பாலானவை அம்மனை, குறிப்பாகக் காமாட்சியை, தாயாக எண்ணிப் பாடப்பட்டவை.

குடும்பமும் பங்காரு காமாட்சியும்

இவரது இயற்பெயர் வேங்கடசுப்பிரமணியன். வீட்டில் செல்லமாக அழைத்த சியாமகிருஷ்ணன் என்ற பெயரே பின்னர் பாடல்களில் முத்திரையாயிற்று. இவருடைய முன்னோர் காஞ்சிபுரத்தில் பங்காரு காமாட்சிக்குப் பூசை செய்துவந்தவர்கள். 'பங்காரு' என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல். போர்க்காலத்தில் அந்தப் பொற்சிலையைக் காப்பதற்காக அர்ச்சகர்கள் அதை எடுத்துக்கொண்டு காஞ்சியை விட்டு வெளியேறினர். ஊர் ஊராகச் சென்ற சிலை நெடுங்காலம் திருவாரூரில் இருந்தது. 1781இல் ஐதர் அலியின் படைகள் சோழநாட்டைச் சூறையாடின. அக்காலத்தை ஒட்டிச் சிலை தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்டு, மேல வீதியில் கோயில் கொண்டது. தந்தை விசுவநாத ஐயருக்குப் பின் அங்குப் பூசை செய்யும் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது.

இசைப்பயிற்சி

காசியிலிருந்து தஞ்சை வந்து தங்கிய சங்கீத சுவாமி என்னும் துறவியிடம் இராகம், தாளம் ஆகியவற்றின் நுட்பங்களைக் கற்றார். பின்னர் அரசவை இசைக்கலைஞர் பச்சிமிரியம் ஆதியப்பையாவின் இசையைக் கேட்டுத் தேர்ந்தார். பைரவி இராகத்தில் புகழ்பெற்ற அடதாள வர்ணத்தை இயற்றியவர் ஆதியப்பையா.

இசைப்பணி

சாஸ்திரி தெலுங்கு, சமற்கிருதம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பாடல்கள் இயற்றினார். நாட்டியத்துக்கு உரியதாக இருந்த சுரஜதியை அரங்கில் பாடும் உருப்படியாக ஆக்கியது இவரது பெரும்பணி. பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய இராகங்களில் அமைந்த மூன்று சுரஜதிகள் 'இரத்தினத்திரயம்' எனப்படுகின்றன. பைரவி சுரஜதியின் எட்டுச் சரணங்களும் ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச என்று முறையே ஏறும் சுரங்களில் தொடங்குகின்றன. மதுரை மீனாட்சி மீது இவர் பாடியவை 'நவரத்தினமாலிகை' எனப்படும்.

தாளத்தில் இவர் தனித் திறம் பெற்றவர். மிச்ர சாபு தாளம் 'தகிட தகதிமி' என 3 + 4 ஆக ஏழு அட்சரம் கொண்டது. இதையே 'தகதிமி தகிட' என 4 + 3 ஆக மாற்றி அமைப்பது விலோம சாபு. எண்ணிக்கை ஒன்றே, நடை மட்டும் வேறாகிறது. கையால் தாளம் போட்டுப் பார்த்தால் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பொப்பிலி கேசவையா என்னும் வித்துவானின் அறைகூவலை ஏற்று, தஞ்சை அரசவையில் சரபநந்தன தாளத்தால் இவர் வென்றார் என்பது மரபுவழிச் செய்தி.

பாடல்கள் நிலைத்த வகை

பூசையே முதற்கடமையாக வாழ்ந்த சாஸ்திரி பெரிய மாணவர் கூட்டத்தைச் சேர்க்கவில்லை. தாளக் கடினமும் பாடல்கள் பரவத் தடையாயிற்று. அதனால் மற்ற இருவரின் பாடல்களைவிட இவருடையவை குறைவாகவே கிடைக்கின்றன. கிடைப்பவை நிலைத்ததற்கு, தியாகராசரிடமும் பயின்ற மகன் சுப்பராய சாஸ்திரியும் (1803–1862), அவர் வளர்ப்பு மகன் அண்ணாசாமி சாஸ்திரியும் (1827–1900) முக்கியக் காரணம். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அம்மனை முன்னோர் காத்ததுபோல, அவள் மீது எழுந்த பாடல்களைப் பின்னோர் காத்தனர்.