கத்தி பட்டா பரவுகிறது?

"புற்றுக் கட்டியில கத்தி வச்சா உடம்பு பூரா பரவிடும்." பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் முதல் சென்னை வரை இந்தப் பேச்சு உண்டு. இதை நம்பித்தான் பலர் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கே பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நோய் முற்றிய பிறகு அறுவை நடக்கிறது, உயிரும் போகிறது, பழி கத்தியின் மேல் விழுகிறது. பரிசோதனை ஊசியால் புற்று பரவுவது மிக மிக அரிது. பரவல், பெரும்பாலும், யாரும் கை வைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டிருக்கும்.

புற்றுச்செல்கள் முதலில் அண்டைச் செல்களோடு உள்ள பிடிப்பை விடுகின்றன. சுற்றியுள்ள சவ்வை நொதிகளால் கரைத்து ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ நுழைகின்றன. வாய்ப்புற்று முற்றும்போது கழுத்தில் நெறி கட்டுவது இதனால்தான். குடலின் ரத்தம் நேரே ஈரலுக்குப் போவதால் குடல்புற்று பெரும்பாலும் அங்கே இறங்குகிறது. ஆனால் நுழைந்தவை எல்லாம் பிழைப்பதில்லை. 1970-இல் ஐசையா ஃபிட்லர் எலிகளின் ரத்தத்தில் புற்றுச்செல்களைச் செலுத்திப் பார்த்தபோது, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

தேறியவை எங்கே வளரும்? லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டி 1889-இல் எழுதினார்: ஈரலில் 241 பேருக்குப் புற்று, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். கரிசலில் பருத்தி போடும் பெரம்பலூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில செல்கள் எலும்பில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பிறகு விழிப்பதும் உண்டு. மார்பிலிருந்து எலும்புக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுதான், மருந்தும் அதற்குரியதே.

பரவிய பிறகும் நோயைக் கட்டுப்படுத்தவும் வலியைத் தணிக்கவும் வழியுண்டு. ஆனால் முந்திக்கொண்டால் கிடைக்கும் பலனே வேறு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைச் சோதித்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது.

ஆகவே மார்பில் வலியில்லாத கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, எது இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால், பயப்படாமல் சம்மதியுங்கள்.