போர்முனைச் செய்தியாளர்



தோட்டத்தில் ஒரு லயத்தில் கைகலப்பு நடந்தால், அந்தச் செய்தி மூன்றாவது லயத்தை எட்டுவதற்குள் மூன்று உருவம் எடுத்துவிடும். அடித்தவர் தரப்பு ஒன்று சொல்லும். அடிபட்டவர் தரப்பு வேறொன்று சொல்லும். எத்தரப்பையும் சாராத ஒருவர் அருகில் நின்று பார்த்திருந்தால், நாம் அவரைத்தான் தேடிப் போவோம். லயத்துச் சண்டைக்கே இப்படியென்றால், இரு படைகள் மோதும்போது உண்மையை யார் சொல்வது? தம் வெற்றியைப் பெரிதாக்குவதும் தம் கொடுமையை மறைப்பதும் போரிடுவோரின் வழக்கம். ஆகவேதான் செய்தியாளர் ஒருவர் அங்கே போக வேண்டியிருக்கிறது. அப்பணியின் ஆபத்தையும் பயனையும் இன்று பார்ப்போம்.

முதலில் பயன். 1854இல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து கிரிமியாவில் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன. இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ், வில்லியம் ஹோவர்ட் ரசல் என்னும் செய்தியாளரைப் போர்க்களத்துக்கே அனுப்பி வைத்தது. நிர்வாகச் சீர்கேட்டால் போர்வீரர்கள் நோயிலும் குளிரிலும் மடிவதை அவர் எழுதினார். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அதே இதழுக்கு எழுதிய தாமஸ் செனரி, ஸ்கூட்டாரி மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடத் துணிகூட இல்லை என்பதை வெளியிட்டார். படித்த மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு நவம்பரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 தாதியருடன் அங்குச் சென்று சேர்ந்தார். 1855 ஜனவரியில் பிரிட்டிஷ் அமைச்சரவையே கவிழ்ந்தது. செய்தியாளர்களின் பேனா அத்தனை வேலை செய்தது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். மேரி கோல்வின் என்ற அமெரிக்கப் பெண்மணி, இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழுக்காகப் பல போர்முனைகளுக்குச் சென்றவர். 1999இல் கிழக்குத் திமோர் மக்கள் விடுதலைக்கு ஆதரவாக வாக்களித்தபின், அங்கே ஆயுதக் கும்பல்கள் வெறியாட்டம் நடத்தின. டிலி நகரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வளாகத்தில் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 1,500 பேர் தஞ்சம் புகுந்திருந்தனர். செய்தியாளர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். கோல்வினோ வேறு சில பெண் செய்தியாளர்களுடன் அங்கேயே தங்கி, அந்த மக்களின் நிலையை உலகுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். சில நாள்களில் அவர்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். அதில் அவருடைய செய்திகளுக்கும் பங்குண்டு.

2001இல் அவர் இலங்கையின் வன்னிப் பகுதிக்குச் சென்றார். ஆண்டுக்கணக்கில் அரசாங்கம் செய்தியாளர்களை அங்கே அனுமதிக்கவில்லை. உணவும் மருந்தும் போதாமல் தமிழ் மக்கள் பட்ட பாட்டை நேரில் கண்டார். திரும்பும் வழியில், இருட்டில் போர் எல்லையைக் கடக்கையில், இராணுவத்தினர் சுட்டனர். தாம் செய்தியாளர் என்று அவர் குரல் கொடுத்தும் பயனில்லை. வெடிகுண்டுச் சிதறல் பட்டு இடக்கண்ணின் பார்வை போயிற்று. அதன்பின் கறுப்புத் துணியால் அக்கண்ணை மறைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

2012 பிப்ரவரியில், சிரியாவில் குண்டுமழைக்கு இலக்கான ஹோம்ஸ் நகருக்குள் நுழைந்தார். அங்கே ஒரு குழந்தை குண்டுக் காயத்தால் உயிர்விட்டதைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குச் சொன்னார். மறுநாள், 22ஆம் தேதி, அவர் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. அவரும் ரெமி ஓஷ்லிக் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரும் மாண்டனர். சிரியா அரசின் படைகள் அவரைத் திட்டமிட்டே குறிவைத்தன என்று 2019இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படி உயிரைப் பணயம் வைப்பது தகுமா? கோல்வினே இதைச் சிந்தித்தவர். 2010இல், பணியில் மாண்ட செய்தியாளர்களை நினைவுகூர இலண்டன் தேவாலயம் ஒன்றில் கூடியவர்களிடம் இதைப் பற்றிப் பேசினார். எடுக்கும் ஆபத்துக்கு அந்தச் செய்தி ஈடாகுமா என்பதையும், எது துணிவு, எது வெறும் வீம்பு என்பதையும் ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும் என்பது அவர் கருத்து.

வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருநாள் ஊர் திரும்பிவிடலாம். அவருக்கு வழிகாட்டி, மொழிபெயர்த்து உதவும் உள்ளூர்க்காரர் எங்கே போவார்? 1975 ஏப்ரலில் கம்போடியாவின் தலைநகரை கெமர் ரூஜ் படை கைப்பற்றியது. 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் சிட்னி ஷான்பெர்க்கையும் உடனிருந்தவர்களையும் அவர்கள் பிடித்தபோது, கம்போடியரான டித் பிரான் தாமும் கூடவே வண்டியில் ஏறி, மன்றாடி அவர்களைக் காப்பாற்றினார். வெளிநாட்டவர் வெளியேறினர், பிரான் வெளியேற இயலவில்லை. படித்தவர் என்று தெரிந்தாலே கொன்றுவிடும் காலம் அது. தம் படிப்பை மறைத்து, பட்டினியோடு வயலில் உழைத்து, 1979இல்தான் தாய்லாந்துக்குத் தப்பினார். இதற்கிடையே 1976இல் புலிட்சர் பரிசு பெற்ற ஷான்பெர்க், அதைப் பிரானின் சார்பாகவும் ஏற்றுக்கொண்டார். பெயரும் புகழும் ஒருவருக்கு வரும்போது, அதன் விலையில் பெரும்பகுதியை இன்னொருவர் கொடுத்திருக்கக்கூடும்.

நம் நாடும் இவ்விலையைக் கொடுத்திருக்கிறது. 2011 செப்டம்பரில், சோமாலியாவுக்கு மலேசியர் மேற்கொண்ட மனிதநேய உதவிப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்ற பெர்னாமா தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் நோரம்பைசுல் முகமது நோர், மொகடிஷு நகரில் சுடப்பட்டு உயிரிழந்தார்.

இவர்களுக்குச் சட்டத்தின் காவல் இல்லையா? உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளுடன் 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் விதி, போர்ப் பகுதியில் பணிபுரியும் செய்தியாளர்களைப் பொதுமக்களாகவே கருத வேண்டும் என்கிறது. ஆனால், சட்டத்தை மதிப்பதும் மீறுவதும் துப்பாக்கி ஏந்தியவன் கையில் இருக்கிறது.

நேயர்களே! இப்பணியின் பலன் பெரும்பாலும் செய்தியாளரைச் சேர்வதில்லை. அது ஸ்கூட்டாரியில் கிடந்த போர்வீரனுக்கும், டிலி வளாகத்தில் ஒடுங்கிக் கிடந்த தாய்மாருக்கும் போய்ச் சேர்ந்தது. கேட்பவர்கள் காது கொடுத்ததால்தான் அதுவும் நடந்தது. ஆகவே நமக்கும் ஒரு கடமை உண்டு. போர்ச் செய்தி ஒன்று நாளிதழிலோ கைப்பேசியிலோ வரும்போது, சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார், நேரில் கண்டாரா என்று கேளுங்கள். கண்டு சொன்னவரின் செய்தியைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குங்கள்.