இரவில் தோன்றும் மாயக் காட்சிகளும் வைத்தியரை நாடவேண்டிய வேளையும்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இரவு ஷிப்டு முடித்து விடிந்தபின் கண்ணயரும் தொழிலாளியும், சதுரங்கப்பட்டினத்துக் கரையிலிருந்து விடியுமுன் கடலேகும் மீனவரும் நித்திரையை உரிய காலத்தில் பெறாதவர்கள். அத்தகையோர் உறக்கத்தில் ஆழும் தறுவாயிலோ விழிக்கும் தறுவாயிலோ, எவரோ தம்மைப் பெயர் சொல்லி அழைப்பதாகவும், கட்டிலருகே கரிய உருவமொன்று நிற்பதாகவும் உணர்ந்து திடுக்கிடுவது அபூர்வமன்று.

அமுக்குவான் பேய்

நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்து அழுத்த, கூவ முயன்றும் குரலெழாமல் தவிக்கும் நிலையை நம் ஜனங்கள் அமுக்குவான் பேயின் வேலை என்பார்கள். கனவு காணும் கட்டத்தில், கனவின்படி கைகால்கள் இயங்கி உடலுக்குத் தீங்கு நேராதபடி மூளை தசைகளை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கம் நீங்குமுன்னரே பிரக்ஞை திரும்பிவிட்டால், உடல் அசையாதிருக்க, கனவு மட்டும் கண்முன் நீடிக்கிறது. இது பெரும்பாலும் சில விநாடிகளிலோ நிமிஷங்களிலோ தானே விலகும். சித்தப் பிரமையின் அடையாளமன்று. ஒருக்களித்துப் படுப்பதும், படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும், இரவுப் பணியின் பிற்பாதியில் காபியைத் தவிர்ப்பதும், பகலுறக்கத்துக்கு அறையை இருட்டாக்குவதும் பயன் தரும்.

காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள்

நன்கு விழித்திருக்கையில், அதிலும் பகலில், உருவங்களோ குரல்களோ தொடருமாயின் வைத்தியரை அணுகுவது அவசியம். தன்னை மாய்த்துக்கொள்ளவோ பிறரைத் தாக்கவோ அக்குரல் ஏவினால் அன்றே அணுக வேண்டும்.

நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர், இன்றிரவு கிழமை மறந்து, போர்வையில் இல்லாத நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தால், அதை மூப்பின் விளைவென்று ஒதுக்கலாகாது. சிறுநீர்ப் பாதையிலோ நுரையீரலிலோ தொற்று, இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாகலாம்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் கொண்டு, இல்லாதவற்றைக் கண்டு பிதற்றினால் உயிருக்கே அபாயம். தாமதியாமல் 108 ஐ அழைக்க வேண்டும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், தர்கா வழிபாட்டை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். எவரையும் சங்கிலியிடலாகாது என 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்துள்ளது. வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரலாம். அதன்பொருட்டுச் சிகிச்சையைத் தள்ளிவைப்பது தகாது.

எங்கே செல்வது?

செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். தோற்றம் வந்த வேளை, நீடித்த அளவு, உட்கொண்ட மருந்துகள், குடிப்பழக்கம் ஆகியவற்றை ஒளிக்காமல் உரைத்தால் நோயின் மூலம் விரைவில் துலங்கும். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போக வெட்கப்படாத நாம், இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.