45 கி.மீ. காற்றுதான் எல்லை... 'சிசர் லிஃப்ட்' எப்படி உயர்கிறது, எதனால் கவிழ்கிறது?

மாலில் கூரை விளக்கு மாற்றும்போது பார்த்திருப்பீர்கள். கீழே சக்கரம் வைத்த ஒரு பெட்டி, மேலே கம்பித் தடுப்புடன் ஒரு மேடை, நடுவே பெருக்கல் குறி போல மடங்கி விரியும் இரும்புச் சட்டங்கள். இதுதான் 'சிசர் லிஃப்ட்'. ஏணியைவிட வசதி, சாரம் கட்டுவதைவிட வேகம். ஆனால் இதன் எல்லை தெரியாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் பாடமாக இருக்கிறது.

2010-ல் நடந்தது என்ன?

2010 அக்டோபர் 27. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம். கால்பந்து அணியின் பயிற்சியை வீடியோ எடுக்க, 20 வயது மாணவர் ஒருவர் சிசர் லிஃப்டில் சுமார் 40 அடி உயரத்தில் நின்றிருந்தார். மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது. லிஃப்ட் அப்படியே சாய்ந்து விழுந்தது. மாணவர் உயிரிழந்தார்.

விசாரித்த மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறை, மாணவர்களுக்குப் போதிய பயிற்சி தரவில்லை, மோசமான வானிலையிலும் லிஃப்டைப் பயன்படுத்த விட்டார்கள் என்று கூறி, பல்கலைக்கழகத்துக்கு 77,500 டாலர் அபராதம் அறிவித்தது. பின்னர் சமரசத்தில் அந்தத் தொகை குறைந்தது.

இது எப்படி உயர்கிறது?

விஷயம் சிம்பிள்தான். ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் பம்ப் எண்ணெயைத் தள்ளும். சிலிண்டர் நீளும், சட்டங்கள் நிமிரும், மேடை மேலே போகும். இறங்குவதற்கு பெரும்பாலும் மோட்டாரே தேவையில்லை. வால்வு திறந்தால் எண்ணெய் திரும்பி ஓடும். மேடை தன் எடையிலேயே மெதுவாக இறங்கும்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. சிரமம் உயரத்தில் இல்லை, ஆரம்பத்தில்தான். ஒரே ஒரு ஜோடிச் சட்டத்தைக் கிடைமட்டமாகத் தள்ளி உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். சட்டம் 45 டிகிரியில் நிற்கும்போது, சுமையின் எடைக்குச் சமமான விசை போதும். அதுவே கிட்டத்தட்டப் படுத்த நிலையில், 10 டிகிரியில் இருந்தால், ஐந்தரை மடங்குக்கு மேல் விசை வேண்டும். அதனால்தான் பல மாடல்களில் சிலிண்டரைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள்.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

ஆள் ஏறுவது ஒரு வகை. சரக்கு ஏற்றும் 'லிஃப்ட் டேபிள்' இன்னொரு வகை. குடோனில் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவது, தொழிற்சாலையில் கனமான பாகத்தை அசெம்பிளி உயரத்துக்கு ஏற்றுவது எல்லாம் இதன் வேலை. நாள் முழுக்கக் குனிந்து தூக்குபவரின் முதுகு வலிக்கு இது பெரிய நிவாரணம். விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் லாரியில், பெட்டி அப்படியே விமானக் கதவு வரை உயர்வதும் இதே டெக்னிக்தான்.

ஏன் கவிழ்கிறது?

பல நிறுவனங்களின் மாடல் பெயரில் '1930' என்ற எண் இருக்கும். மேடையின் உயரம் 19 அடி, மெஷினின் அகலம் 30 அங்குலம் என்று அர்த்தம். அதாவது, இரண்டரை அடி அகலத்தின் மேல் 19 அடி உயரம்! கீழே உள்ள கனமான பேட்டரிகளும் இரும்புச் சட்டகமும்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அந்தச் சமநிலையைக் குலைக்க மூன்று விஷயங்கள் போதும்.

முதலாவது காற்று. வெளியிடத்துக்கென வடிவமைத்த லிஃப்டுகளுக்கே பொதுவாக விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. தான் எல்லை. காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். 45 கி.மீ. காற்றைவிட 85 கி.மீ. காற்று சுமார் மூன்றரை மடங்கு பலமாகத் தள்ளும். தடுப்புக் கம்பியில் பேனர் கட்டினால் அது பாய்மரம் மாதிரி ஆகிவிடும். சில லிஃப்டுகள் உள்ளரங்குக்கு மட்டுமே. அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட காற்று வேகம் பூஜ்ஜியம்.

இரண்டாவது தரை. சரிவு, பள்ளம், மூடாத குழி எல்லாமே ஆபத்து. மேடை உயர்ந்ததும் சக்கரங்களுக்கு இடையே இரும்புத் தகடு தரையை ஒட்டி இறங்கும். சக்கரம் குழியில் இறங்கினால் மெஷினைத் தாங்குவது அதுதான். அதை மடக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது பாரம். எடை மட்டுமல்ல, பக்கவாட்டில் இழுப்பதும் தள்ளுவதும்கூடக் கணக்கில் வரும். உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருவர் என்று பிரித்து எழுதியிருக்கும் மாடல்களும் உண்டு.

கவிழாவிட்டாலும் ஆபத்து உண்டா?

உண்டு. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான 'ஓஷா', ஓராண்டில் மட்டும் தவிர்த்திருக்கக்கூடிய 10 மரணங்களையும் 20-க்கும் மேற்பட்ட காயங்களையும் விசாரித்ததாகச் சொல்கிறது. மேடை உயரும்போது தலைக்கு மேலுள்ள உத்தரத்துக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே ஆள் நசுங்கலாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால், தொடாமலேயே மின்சாரம் பாயலாம். லிஃப்ட் டேபிளில் மூடும் சட்டங்களுக்கு இடையே கை, கால் சிக்கலாம்.

ஏறும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* பயிற்சி பெற்றவர் மட்டுமே இயக்க வேண்டும். பிரேக், அவசர நிறுத்தப் பொத்தான், சாய்வு அலாரம் மூன்றையும் தினமும் சோதிக்க வேண்டும்.
* மேடைக் கதவைப் பூட்ட வேண்டும். எட்டவில்லை என்று தடுப்புக் கம்பியில் ஏறக் கூடாது; மேடை மேல் ஏணி போடவும் கூடாது.
* மின்கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் என்றால் இன்னும் அதிகம்.
* அவசரத்தில் கீழிருந்தே மேடையை இறக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று தரையில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.
* ரிப்பேருக்காக அடியில் கை விடும் முன், பாரத்தை இறக்கி, பாதுகாப்புத் தாங்கியைப் போட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

அந்த விபத்துக்குப் பிறகு நோட்டர் டேம் என்ன செய்தது தெரியுமா? பயிற்சியைப் படம் பிடிக்க, தரையிலிருந்தே ரிமோட்டில் இயக்கும் கேமராக்களைப் பொருத்தியது. இந்த வேலைக்கு ஆள் மேலே ஏறித்தான் ஆக வேண்டுமா? லிஃப்டின் சாவியை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.